கை அறிந்த யந்திரம்

தொழிலும் மனிதரும் – 7

சென்ற இதழில், இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் புதிய யந்திரங்கள் புகுந்தபோது தொழிலாளரின் பழைய கூட்டுவேலை முறை சிதைந்ததையும், எரிக் டிரிஸ்டும், தாமே முன்னர் சுரங்கத்தில் உழைத்தவரான கென் பாம்ஃபோர்த்தும் அதனை ஆராய்ந்து 1951-ல் வெளியிட்ட முடிவுகளையும் கண்டோம். யந்திரமும் அதனை இயக்கும் மனிதக் கூட்டமும் சேர்ந்து ஒரே அமைப்பு என்பதும், ஒன்றைச் சீர்திருத்தி மற்றொன்றைக் கைவிட்டால் இரண்டுமே கெடும் என்பதும் அவர்கள் கண்ட உண்மை. அந்த உண்மை நம் நாட்டுத் துணி ஆலை ஒன்றிலேயே பரீட்சிக்கப்பட்ட வரலாற்றையும், குண்டடம் பக்கத்திலிருந்து பனியன் தைக்கப் போகும் பெண்களுக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதையும் இவ்வாரம் பார்ப்போம்.

அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தாரின் காலிகோ ஆலையில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டும் எதிர்பார்த்த பலன் கிட்டாதிருந்த சமயத்தில், 1953-ல், லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் அங்கே வந்தார். அவர் பார்த்த தறிக்கூடத்தில் 224 தறிகள். அவற்றுக்கு 29 பேர். அந்த 29 பேருக்குள் 12 வகை வேலைப் பிரிவுகள். நெய்பவர், அறுந்த இழையை முடிபவர், எண்ணெய் விடுபவர், துணி சுமப்பவர் என்று ஒவ்வொருவர் கடமையும் தனித்தனியாக வகுக்கப்பட்டிருந்ததே தவிர, ஒரு தறி நின்றால் அந்தத் தறி முழுவதும் எங்கள் பொறுப்பு என்று சொல்லக்கூடிய கூட்டம் ஒன்று அங்கே இல்லை. குறிப்பிட்ட சில தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப் பொறுப்பேற்கலாமே என்ற யோசனை எழுந்தவுடன், தொழிலாளரும் மேஸ்திரிகளும் அதனைத் தமதாக்கிக்கொண்டு, யார் யாரோடு சேருவது என்பதையும் தாமே தீர்மானித்தனர். தொடக்கச் சிரமங்கள் தீர்ந்தபின் உற்பத்தித் திறன் உயர்ந்தது. பழுதான துணி குறைந்தது. ரைஸ் இதனை 1958-ல் நூலாக்கினார். பல்லாண்டுகளுக்குப் பின் அதே ஆலையை மீண்டும் ஆராய்ந்த எரிக் மில்லர், ஒரு கூடத்தில் குழுமுறை நிலைத்திருந்ததையும் வேறு கூடங்களில் தேய்ந்துபோனதையும் 1975-ல் எழுதினார். ஒரு முறை கொடுத்துவிட்டால் பங்கேற்பு தானே நிலைத்துவிடாது, நாள்தோறும் பேணினாலன்றி வாழாது என்பதற்கு இதனினும் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை.

வேலை செய்பவரே வேலையைத் தீர்மானிப்பது திருப்பூர்க்காரர்க்கு அந்நியமான செய்தியன்று. அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையின் முனைவர் பட்டத்திற்காகத் திருப்பூரை ஆராய்ந்த ஷரத் சாரி, அதனை விரித்து 2004-ல் வெளியிட்ட நூலில், இவ்வூர்ப் பனியன் கம்பெனி முதலாளிகளில் பலர் எளிய கவுண்டர் வேளாண் குடும்பங்களிலிருந்து வந்து, முதலில் கூலிக்கு உழைத்து, தொழில் நுட்பத்தைக் கையாலேயே கற்று, பிறகு சொந்தமாகக் கம்பெனி வைத்தவர்கள் என்பதையும், தம் ஏற்றத்திற்கு உழைப்பையே காரணமாக அவர்கள் சொல்லிவந்ததையும் விரிவாகக் காட்டினார். ஆக, தொழிலாளியின் அனுபவ ஞானம் யந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை எட்டுவதற்கு இங்கே ஒரு மார்க்கம் இருந்தது. தொழிலாளியே முதலாளியாகிவிடுவதுதான் அது. ஆயினும் அம்மார்க்கம் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. சாதி உறவின் பக்கபலமுள்ள ஆண்களுக்கே அது பெரும்பாலும் வாய்த்தது என்பதையும் அந்த ஆய்விலிருந்து நாம் அறிகிறோம்.

தாராபுரம் வட்டத்துக் குண்டடம் ஆட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். மழையை நம்பிய வெள்ளாமை போதாத குடும்பத்துப் பெண்கள், இதுபோன்ற ஊர்களிலிருந்து பனியன் கம்பெனி வேன் ஏறித் தையலுக்கும், செக்கிங்குக்கும், கைமடிக்கும் போய்வருகிறார்கள். இவர்களில் ஒருவர் முதலாளியாவது மிக அரிது. ஆனால் இவர்கள் அறிந்தது சிறிதன்று. சிங்கிள் ஜெர்சித் துணியின் வெட்டிய ஓரம் எப்படிச் சுருளும், ஒரே எடையுள்ள துணி சாயத்தின் லாட்டுக்கு லாட்டு எப்படி வேறுபடும், ஓவர்லாக் மெஷினில் துணி இழுபடாமல் ஓட எதை எவ்வளவு திருத்த வேண்டும் என்பதெல்லாம் இவர்கள் விரல்நுனியில் இருக்கும் சாஸ்திரம். மெஷினோடு பொருத்தப்படும் கணக்குத் திரை, மணிக்கு எத்தனை பீஸ் என்பதைக் காட்டும். கட்டிங்கில் நேர்ந்த பிழையைத் தையலில் சரிசெய்யச் செலவான நிமிஷங்களை அது சோம்பலாகவே எண்ணும். தைப்பவரைக் கலந்துகொள்ளாமல் வாங்கிய கருவி, தைப்பவரின் திறமையையே குற்றமாகப் பதிவு செய்கிறது. இதைவிடப் பெரிய அநியாயம் ஒரு தொழிலுக்கு நேர முடியாது.

இதற்குப் பரிகாரமும் உலகம் அறிந்ததே. 1981-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கங்களோடு சேர்ந்து தொடங்கிய யுடோப்பியா திட்டத்தில், பத்திரிகைப் பக்கம் அமைக்கும் கணினி வருமுன்பே, அட்டைப்பெட்டியாலும் பலகையாலும் அதன் மாதிரியைச் செய்து, தொழிலாளர் அதன்முன் அமர்ந்து வேலை செய்து பார்த்து, இது உதவும், இது உதவாது என்று சொல்ல, அச்சொல்லின்படி கருவியின் வடிவம் திருத்தப்பட்டது. அதில் பங்குகொண்ட பெல்லே என் என்பவர் 1988-ல் அவ்வனுபவத்தையும் ஆதாரமாகக் கொண்டு தம் முனைவர் பட்ட ஆய்வை எழுதினார்.

தொழிலாளரைக் கலந்துகொள்வதை நம் சட்டமும் மறந்துவிடவில்லை. 100 பேரும் அதற்கு மேலும் உழைக்கும் தொழிலகங்களில், தொழிலாளர் பிரதிநிதிகள் முதலாளி தரப்பினரினும் எண்ணிக்கையில் குறையாத குழுவை அமைக்க 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம் வழிவகுத்தது. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்புக்கு அரசு வகைசெய்ய வேண்டுமென்னும் 43-ஏ பிரிவு 1976-ல் அரசியல் சாசனத்தில் சேர்ந்தது. ஆனால் சில தையல் மெஷின்களோடு நடக்கும் ‘பவர் டேபிள்’ என்னும் சிறு யூனிட்டுகள் அந்த 100 என்ற வரம்புக்கு வெகு தூரத்தில் இருக்கின்றன. ஆகவே சட்டத்தின் எல்லைக்கு அப்பால், மனமுவந்து செய்ய வேண்டிய காரியம் இது. புதிய மெஷினை வாங்குமுன் அதனை ஒரு வாரம் தைப்பவர் கையில் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறைகளை எழுதிவைத்து, அவர்கள் சம்மதத்தோடு வாங்குவதென்று ஒரு யூனிட் தீர்மானிக்கட்டும். ஆராய வரும் மாணவர், வினாத்தாளை நிரப்பிக்கொண்டு போவதோடு நில்லாமல், தம் முடிவுகளைத் தமிழில் எழுதி, அந்தப் பெண்கள் முன்னிலையில் படித்து, அவர்கள் மறுப்பதையும் ஆய்வில் சேர்க்கட்டும். முதலாளியானவர்க்கே கிடைத்துவந்த தீர்மானிக்கும் உரிமையில் ஒரு பங்கேனும், மெஷின் முன்னால் அமர்ந்திருக்கும்போதே தொழிலாளிக்குக் கிடைப்பதற்கு இதுவே முதற்படி.

(தொடரும்)