கிட்டப்பார்வையும் கருவிழி வளையமும்

அரசலாறு கடலொடு கலக்கும் காரைக்கால் கரையில் மாலையில் நிற்போர்க்குத் தொலைவில் மீளும் மீன்படகுகள் தெளிவாய்த் தெரியும். கிட்டப்பார்வை உடையார்க்கோ அவை புகைபோல் தோன்றும். மூக்குக் கண்ணாடியை விடுத்து இக்குறையைத் தீர்க்க வழி யாது என மாணவர் பலர் வினவுகின்றனர். கண்ட வழிகளுள் ஒன்றை ஈண்டு விளக்குவாம்.

கண்ணின் முகப்பில் பளிங்குபோல் அமைந்தது கருவிழிப்படலம். நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிப்பே உடையதாயினும், ஒளியை வளைக்கும் ஆற்றலில் மூன்றில் இரு பங்கு இதனுடையதே. கண்ணுருண்டை நீண்டிருப்பினும், இப்படலம் மிகக் குவிந்திருப்பினும், தொலைப்பொருளின் ஒளி விழித்திரையை எட்டுமுன்னரே குவிந்துவிடும். இதுவே கிட்டப்பார்வை. ஆகவே படலத்தின் நடுப்பகுதியைச் சற்றே தட்டையாக்கின் பார்வை தெளியும்.

லேசர் முறை அந்நடுப்பகுதியைச் செதுக்குவது. வளைய முறையோ எதனையும் செதுக்குவதன்று. படலத்தின் ஓரத்தே, அதன் அடுக்குகளுக்கிடையில் வழி செய்து, தெளிந்த பிளாஸ்டிக்கினாலாய வில்வடிவத் துண்டுகள் இரண்டினைச் செருகுவர். சற்றே மேடிட்டு விரிந்த துணியின் ஓரத்தடியில் கோலொன்றை நுழைத்தால், துணி அப்பால் இழுபட்டு நடுமேடு தணியுமன்றோ? அவ்வாறே ஈண்டும் நிகழும். வேண்டாவிடின் அத்துண்டுகளை எடுத்துவிடலும் கூடும்.

இன்டாக்ஸ் என்னும் இவ்வளையத்திற்கு 1999-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. 1 முதல் 3 டயாப்டர் வரையுள்ள குறைக்கும், 21 வயது நிரம்பியோர்க்குமே அவ்வொப்புதல். மிகுந்த குறையையும் லேசர் திருத்தவல்லதாதலின், கிட்டப்பார்வைக்கு இவ்வளையம் இடுதல் அருகிற்று. ஆயினும் படலம் மெலிந்து கூம்புபோல் பிதுங்கும் நோய்க்கு அது துணையாயிற்று. 2004-இல் அதற்கும் ஒப்புதல் கிடைத்தது. வளையம் வடிவைத் திருத்துமேயன்றி நோயின் வளர்ச்சியைத் தடுக்காது. அதனைத் தடுக்க, ரைபோபிளேவின் என்னும் வைட்டமின் துளிகளை இட்டுப் புறஊதாக் கதிரைச் செலுத்திப் படலத்தை உறுதிப்படுத்துவர்.

மாணவர் கருதவேண்டுவது இதுவே. கூம்புநோய் பெரும்பாலும் இளமையிற்றான் தொடங்கும். கண்ணாடியின் அளவு அடிக்கடி மாறுதல் அதன் குறியாகலாம். அதனை அறியாது லேசரால் செதுக்கின், மெலிந்த படலம் மேலும் தளர்ந்து பிதுங்கும். ஆகவே அழகு கருதி அறுவை நாடுமுன், படலத்தின் வடிவையும் தடிப்பையும் அளந்து சோதித்தல் இன்றியமையாதது. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தோற்றுவித்த அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளையொன்று 2003 முதல் புதுச்சேரியிலும் உள்ளது. காரைக்காலார்க்கு அது எட்டாத தொலைவன்று.

கண்ணைக் கசக்கும் வழக்கத்தை இன்றே விடுக. கூம்புநோயை அது வளர்க்கும். கண்ணாடி அணிதல் இழிவன்று. கரும்பலகை தெரியாதிருந்தும் வாளாவிருத்தலே இழப்பாம்.