பன்றிக்கறி ஃப்ரைடு ரைஸில் அன்னாசி போடலாமா? வீட்டில் சமைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை மதியம். நேற்று இரவு வைத்த சோறு குக்கரிலேயே இருக்கிறது. கறிக்கடையில் வாங்கிய அரை கிலோ பன்றிக்கறி ஃப்ரிட்ஜில் இருக்கிறது. மேசை மேல் பாதி அன்னாசி. 'எல்லாத்தையும் போட்டு ஒரு ஃப்ரைடு ரைஸ் பண்ணிடலாமே' என்று தோன்றுகிறதா?

தாராளமாகப் பண்ணலாம். ஆனால் இந்த மூன்றில் எது ஆபத்தானது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் பன்றிக்கறியைத்தான் கை காட்டுவார்கள். உண்மையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, குக்கரில் இரவு முழுவதும் கிடந்த அந்தச் சோற்றைத்தான். ஏன் என்று பார்ப்போம்.

கறியோடு பழமா? இது என்ன புதுப் பழக்கம்?

புதிது இல்லை. சீனாவின் குவாங்டாங் பகுதியில் பிறந்த இனிப்பும் புளிப்புமான பன்றிக்கறி, இன்று உலகின் பல ஊர்களில் அன்னாசித் துண்டுகளோடுதான் பரிமாறப்படுகிறது. தாய்லாந்தில் அன்னாசி ஃப்ரைடு ரைஸ் சர்வ சாதாரணம்.

நம் நாட்டிலும் இந்த ஜோடி இருக்கிறது. அசாமில் 'ஓ தெங்கா' எனப்படும் உவாப்பழத்தைப் பன்றிக்கறியோடு சேர்த்துச் சமைப்பார்கள். குடகின் 'பந்தி கறி'க்கு அந்தக் கறுப்பு நிறத்தையும் புளிப்பையும் கொடுப்பது கச்சம்புளி. அது குடம்புளி வகைப் பழத்தின் சாற்றைச் சுண்டக் காய்ச்சி எடுப்பது.

காரணம் எளிமையானது. பன்றிக்கறியில் கொழுப்பு அதிகம். நாலு வாய் சாப்பிட்டதும் நாக்கில் ஒரு திகட்டல் வரும். பழத்தின் புளிப்பு அந்தத் திகட்டலை வெட்டுகிறது. இனிப்பு, சோயா சாஸின் உப்பைச் சமன் செய்கிறது.

அன்னாசியில் கறியை ஊறவைக்கலாமா?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை உடைக்கும். நிறைய அன்னாசி சாப்பிட்டால் நாக்கு எரிவதற்கு இதுவும் ஒரு காரணம். பிரியாணிக் கறி மெதுவாக வேண்டும் என்று பப்பாளிக்காய் அரைத்துச் சேர்ப்பார்களே, அதே வேலைதான். அங்கே அந்த நொதியின் பெயர் பப்பெய்ன்.

மெல்லியதாக வெட்டிய கறிக்கு ஒரு மேசைக்கரண்டி அன்னாசிச் சாறும் 15 முதல் 20 நிமிடமும் போதும். இரவு முழுக்க ஊறவைத்தால் கறி மெதுவாகாது, கூழாகிவிடும். வாயில் போட்டால் மாவு மாதிரி இருக்கும்.

டின்னில் வரும் அன்னாசிக்கு இந்தச் சக்தி கிடையாது. டின்னில் அடைக்கும்போது சூடுபடுத்துவதால் நொதி செயலிழந்துவிடும். இதையே நாமும் பயன்படுத்திக்கொள்ளலாம். பழத்தை முதலில் சூடான வாணலியில் தனியாக வதக்கிவிட்டால், மிச்சமாகும் ஃப்ரைடு ரைஸில் கறி குழையாது.

பழைய சோறுதான் வேண்டுமா?

ஆறிய சோற்றில் மாவுச்சத்து இறுகி, மேற்பரப்பு உலர்ந்துவிடும். அதனால் வாணலியில் போட்டால் பருக்கை பருக்கையாக உதிரும். சுடுசோற்றைப் போட்டால் குழைந்து ஒட்டும். ஆக, 'பழைய சோறு' என்ற பக்குவம் சரிதான். ஆபத்து, அதை எங்கே வைத்திருந்தீர்கள் என்பதில் இருக்கிறது.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது அவை முளைத்து, பெருகி, ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு, மறுபடி வறுத்தாலும் அழியாது. 'நல்லா சூடு பண்ணித்தானே சாப்பிட்டோம்' என்பது இங்கே செல்லாது. சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும், அரிதாகக் கல்லீரலையே பாதித்திருக்கிறது. மருத்துவ உலகில் இதற்குப் பட்டப்பெயரே 'ஃப்ரைடு ரைஸ் சிண்ட்ரோம்'தான்.

'நம்ம ஊர்ல பழைய சோறு காலங்காலமா சாப்பிடுறோமே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நீர் ஊற்றி வைத்த சோறு புளிக்கிறது. லாக்டிக் அமிலம் உருவாகிறது. அந்தப் புளிப்பு இந்த மாதிரி பாக்டீரியாக்கள் பெருகுவதைத் தடுக்க உதவுகிறது. குக்கரில் மூடிக் கிடந்த வெறும் சோற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். சோறு வெந்ததும் அகலமான தாம்பாளத்தில் பரப்புங்கள். ஒரு மணி நேரத்துக்குள் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில், 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வையுங்கள். அடுத்த நாளே பயன்படுத்திவிடுங்கள். அவசரமா? கொஞ்சம் தண்ணீர் குறைத்து வடித்து, ஃபேனுக்கு அடியில் 20 நிமிடம் ஆறவிட்டு, உடனே வறுத்துவிடலாம்.

பன்றிக்கறி சாப்பிட்டால் மூளையில் புழு வருமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு இல்லை. பதில் பாதி உண்மை, பாதி குழப்பம்.

நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டிகள் உள்ள பன்றிக்கறியைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால், குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் கட்டி உண்டாவது வேறு வழியில். குடலில் புழு உள்ள ஒருவரின் மலத்தில் புழுவின் முட்டைகள் வெளியேறும். அந்த முட்டைகள் கழுவாத காய்கறி, அசுத்தமான தண்ணீர், கழுவாத கை வழியாக வாய்க்குள் போனால்தான் அவை மூளை வரை செல்லும். அதனால் சைவம் மட்டுமே சாப்பிடுபவருக்கும் இந்த நோய் வரலாம்.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. வேலூர் மாவட்டத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நடத்திய ஆய்வில், தொடர்ந்து வலிப்பு உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தப் புழுக்கட்டியே காரணம் எனத் தெரியவந்தது.

ஆக, கறியை முழுவதும் வேகவைப்பது உங்கள் குடலைக் காக்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், பச்சையாகத் தூவும் வெங்காயத்தாள், மல்லித்தழையை ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுவதும் உங்கள் மூளையைக் காக்கும். இரண்டும் வேண்டும்.

எவ்வளவு வேகவேண்டும்?

அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி, முழுத்துண்டுக் கறியின் நடுப்பகுதி 63 டிகிரி செல்சியஸைத் தொட்டு, பிறகு 3 நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். கொத்துக்கறிக்கு 71 டிகிரி. வீட்டில் நம்மில் பலரிடம் தெர்மாமீட்டர் இருக்காது. அதனால் சுலபமான வழி, கறியை இழைக்குக் குறுக்கே, பென்சில் தடிமனைவிட மெல்லியதாக வெட்டுவது. வாங்கிய கறியை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் இப்படி வெட்ட வரும். அதிகச் சூட்டில் சில நிமிடங்களில் உள்ளே வரை வெந்துவிடும். நடுவில் ஒரு துண்டைப் பிட்டுப் பாருங்கள், இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. தோலும் கொழுப்புமான வயிற்றுப் பகுதி என்றால் முதலில் குக்கரில் வேகவைத்து, பிறகு வறுப்பதே நல்லது.

வாங்கும்போதே ஒரு பார்வை பாருங்கள். சதைக்குள் அரிசி மாதிரி வெள்ளைக் கொப்புளங்கள் தெரிந்தால் அந்தக் கறி வேண்டாம்.

சரி, எப்படிச் செய்வது? (இரண்டு பேருக்கு)

கொழுப்பு குறைந்த கறி 250 கிராம், ஆறிய சோறு 3 கப், அன்னாசித் துண்டு 1 கப், முட்டை 1. கறியில் சோயா சாஸ், சோள மாவு தலா ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி போட்டுப் பிசறி 15 நிமிடம் வையுங்கள்.

1. இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, அன்னாசியை எண்ணெய் இல்லாமல் 2 நிமிடம் வதக்குங்கள். ஓரம் சிவந்ததும் தனியே எடுங்கள்.

2. எண்ணெய் விட்டு, கறியை இரண்டு தடவையாகப் பிரித்து வறுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வீட்டு அடுப்பின் சூடு தாங்காது. கறி நீர் விட்டு, வறுபடாமல் வெந்து வெளுத்துவிடும். வெந்ததும் எடுத்துவிடுங்கள்.

3. அதே வாணலியில் முட்டை, பிறகு பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், பொடியாக நறுக்கிய பீன்ஸ், கேரட்.

4. சோற்றைக் கையால் உதிர்த்துப் போட்டு, அதிகச் சூட்டில் 3 நிமிடம். ஒன்றரை மேசைக்கரண்டி சோயா சாஸை வாணலியின் ஓரமாக விடுங்கள்.

5. கடைசியில் கறியும் அன்னாசியும். ஒரு கிளறு, இறக்கிவிடுங்கள்.

சோறு சேர்க்காமல் குடமிளகாய், வெங்காயம் கூட்டிப் போட்டால் இதுவே ஸ்டிர் ஃப்ரை. அன்னாசி இல்லையென்றால் செங்காய் மாங்காய், ஆப்பிள் நன்றாக இருக்கும். ஆரஞ்சு என்றால் சுளையை வதக்க வேண்டாம், சாறை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள். எந்தப் பழமானாலும் முன்கூட்டியே போட்டு வேகவிட்டால் சர்க்கரை கருகும், நீர் விட்டுச் சோறும் நசநசக்கும்.

பச்சைக்கறி வெட்டிய பலகையிலேயே பழத்தை வெட்டாதீர்கள். ஒரே பலகைதான் இருக்கிறதா? முதலில் பழம், காய்கறி. கடைசியில் கறி. பிறகு சோப்புப் போட்டுக் கழுவல். இதற்குப் பணமும் வேண்டாம், கூடுதல் நேரமும் வேண்டாம்.

அப்போ அந்த குக்கர் சோறு? இரவு முழுக்க வெளியே இருந்ததென்றால் கொட்டிவிடுங்கள். ஒரு டம்ளர் அரிசிதான். புதிதாக வடித்து ஆறவைக்க முக்கால் மணி நேரம். அதற்குள் கறியும் ஊறிவிடும்.