இல்லத்திலிருந்து அலுவலகம் வரை: வி.பி.என். இணைப்பில் பழுது காணும் முறை

பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் உள்ள வாளையாற்றுப் பகுதியிலும், ஏலமலையின் விளிம்பில் உள்ள போடிமெட்டு, குமுளிப் பகுதிகளிலும் பணியாற்றும் களப்பணியாளரும் ஆசிரியரும் இன்று அலுவலக வேலையின் ஒரு பகுதியை இல்லத்திலிருந்தே முடிக்கின்றனர். அதற்கு ஏற்ற வசதிகளும் பெருகியுள்ளன. தேசியக் கண்ணாடியிழைப் பிணையத்தால் இணைக்கப்பட்ட நாட்டின் முதல் மாவட்டமாக இடுக்கி 2015 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. மின்வாரியக் கம்பங்களின் வழியே இழை கொண்டு செல்லும் கேரள அரசின் கே-ஃபோன் திட்டம் 2023 ஜூன் 5-ஆம் நாள் தொடங்கப்பெற்றது.

எனினும், பிராட்பேண்ட் நன்கு இயங்கும்பொழுதே அலுவலக இணைப்பு மட்டும் இயங்காதிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அவ்வேளையில் பொறுமையிழந்து, மாணவர் விவரங்களையோ உழவர் பதிவேடுகளையோ சொந்த மின்னஞ்சலில் அனுப்பிவிடுவோர் உண்டு. பிறர் நம்பி அளித்த செய்தி அவ்வாறு காவலின்றி வெளியேறலாகாது. ஆதலின் பழுது எங்குள்ளது என்பதை முறையாகக் கண்டறியும் வழியை இங்குக் காண்போம்.

வி.பி.என். என்பது யாது? எழுதிய கடிதத்தை முத்திரையிட்ட ஓர் உறையிலிட்டு, அவ்வுறையின்மீது அலுவலக முகவரியை எழுதி அனுப்புவதற்கு ஒப்பானது அது. இடைவழியில் உள்ளோர் உறையைக் காண்பரேயன்றி உள்ளடக்கத்தைக் காணார். இவ்வழியில் நான்கு கட்டங்கள் உள்ளன: கணினியிலிருந்து ரவுட்டர் வரை, ரவுட்டரிலிருந்து இணைப்பு நிறுவனம் வரை, அங்கிருந்து அலுவலக வாயில் வரை, பின்னர் வாயிலுக்கு உள்ளே. ஒரு வேளையில் ஒரு கட்டத்தை மட்டும் சோதிக்க வேண்டும். ஒரு மாற்றத்தை மட்டும் செய்ய வேண்டும். இதுவே முதல் விதி.

முதற்கண் வி.பி.என்.-ஐ நிறுத்திவிட்டுப் பொதுவான இணையதளம் ஒன்றைத் திறந்து பார்க்க. அதுவும் திறவாவிடின் குற்றம் வி.பி.என்.-இல் இல்லை. இழைப் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்னும் விளக்கு சிவப்பாக எரியுமாயின் ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். மழைக்காலத்தில் மரம் விழுந்து இழை அறுந்திருக்கலாம். நிறுவனத்திற்குத் தெரிவிப்பதே வழி. விளக்குகள் சரியாக இருந்தும் இணைப்பு விட்டுவிட்டு வருமாயின், வை-ஃபையை விடுத்துக் கம்பியால் இணைத்துப் பார்க்க. தடித்த கற்சுவர்கள் வை-ஃபை அலையைப் பெரிதும் நலிவிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையினும் விரைவில் நலியும்.

பொது இணையம் சீராயிருந்தும் வி.பி.என். தொடங்கவே மறுப்பின், கணினியின் தேதியையும் நேரத்தையும் நோக்குக. அவை பிழையாயின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாததாகத் தோன்றும். அடுத்து, கைப்பேசி வழியே இணைத்துப் பார்க்க. அதில் இயங்கி வீட்டு இணைப்பில் இயங்காவிடின், ரவுட்டரோ நிறுவனமோ வழியை மறிக்கக்கூடும். ஐ.பி.செக் வகை வி.பி.என். பெரும்பாலும் யு.டி.பி. 500, 4500 ஆகிய வாயில்களைப் பயன்படுத்துகிறது. அவை அடைபட்டால் இணைப்பு உண்டாகாது. எல்லைப்புறத்தில் கைப்பேசி சில வேளை மலைக்கு அப்பாலுள்ள கோபுரத்தைப் பற்றிக்கொள்ளும். அலை வலுவாக உள்ள இடத்தில் நின்று செய்த சோதனையையே நம்புக.

இணைப்பு உண்டாகியும் அலுவலகப் பக்கங்கள் திறவாவிடின், முகவரி மோதலை ஐயுறுக. இல்ல ரவுட்டர்கள் பல 192.168.1 எனத் தொடங்கும் முகவரிகளை வழங்குகின்றன. அலுவலகமும் அதே வரிசையைக் கையாளுமாயின், ஒரே பெயருள்ள இரு தெருக்களுக்கிடையே தபால்காரர் மயங்குவதுபோல் கணினியும் மயங்கும். இல்ல ரவுட்டரின் வரிசையை மாற்றினால் இது தீரும்.

எல்லாவற்றினும் ஏமாற்றக்கூடியது பிறிதொன்று. கடவுச்சொல் ஏற்கப்படுகிறது, சிறு பக்கங்கள் திறக்கின்றன, பெரிய கோப்பை அனுப்பினால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. இது அளவுப் பிழை. ஒரு பொட்டலத்தின் வழக்கமான உச்ச அளவு 1500 பைட்டு. பி.பி.பி.ஓ.இ. முறை இணைப்பில் 8 பைட்டு குறைந்து 1492 ஆகும். வி.பி.என். உறையும் சில பத்து பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். தபால் பெட்டியின் வாயில் நுழையும் கடிதம், மேலும் ஓர் உறையிலிட்டபின் நுழையாததுபோல், பெரிய பொட்டலம் தடைப்படுகிறது. "அளவு மிகுதி" என்று அறிவிக்கும் செய்தியை இடையிலுள்ள தீச்சுவர் தடுத்துவிட்டால், அனுப்பிய கணினி காரணமறியாது காத்திருக்கும்.

இதனைப் பிங் கட்டளையால் அளக்கலாம். வி.பி.என்.-ஐ நிறுத்தி, பிரிக்கலாகாது என்ற குறியுடன் 1472 பைட்டு அனுப்புக; தலைப்பு 28 பைட்டு சேர்ந்து 1500 ஆகும். அது செல்லாமல் 1464 சென்றால், வழியின் அளவு 1492 என அறிக. பிங்கிற்கு விடையளிக்கும் முகவரியையே சோதனைக்குத் தெரிந்தெடுக்க வேண்டும். பின்னர் வி.பி.என். இணைப்பின் எம்.டி.யு. அளவை அலுவலகக் கணினிப் பிரிவின் இசைவுடன் 1400-க்கோ அதற்கும் கீழோ குறைத்தால், நின்ற கோப்பு நகரத் தொடங்கும்.

பழுது நீங்கும்வரை தீச்சுவரை நிறுத்துவதோ கடவுச்சொல்லைப் பிறரிடம் கூறுவதோ தகாது. எந்த நேரத்தில், எந்தக் கட்டம்வரை இயங்கியது, எந்தப் பிழைச்செய்தி தோன்றியது என்பவற்றைக் குறித்தனுப்புக. "இணைப்பு வரவில்லை" என்னும் ஒரு வரியைவிட அக்குறிப்பு பழுதுபார்ப்போருக்குப் பெரிதும் உதவும்.