சிற்றுந்தில் மலையேறும் நோயாளிகள்: பயணத்துக்கு முன் அறிய வேண்டியவை

புறநோயாளர் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "எந்த வண்டியில் வந்தீர்கள்?" என்பது. சிலருக்கு இது வெறும் நலம் விசாரிப்பாகத் தோன்றலாம். ஆயினும் அதற்குக் கிடைக்கும் விடையில் மருத்துவச் செய்திகள் பல அடங்கியுள்ளன. காலை மாத்திரையை உட்கொண்டாரா, உணவு உண்டாரா, வழியில் வாந்தி எடுத்தாரா, எத்தனை மணிக்குத் திரும்பியாக வேண்டும் என்பவை அனைத்தும் அந்தப் பயணத்தோடு பிணைந்தவை. தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் ஹட்டிகளிலிருந்தும் வருவோருக்கு, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள பாலம் பெரும்பாலும் ஒரு சிற்றுந்துதான். அப்பயணத்தைப் பற்றி மருத்துவ நோக்கில் சிலவற்றை இங்கே கூற விரும்புகிறோம்.

மலைக்கு ஏற்ற வண்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 வளைவுகள். இந்தப் பெருஞ்சாலைகளிலிருந்து கிளைத்துத் தோட்டங்களுக்குள் செல்லும் பாதைகள் இன்னும் குறுகலானவை. பெரிய பேருந்து ஒரே மூச்சில் திரும்ப இயலாத இடங்களில், முன்பின் அச்சுகளுக்கு இடையே நீளம் குறைந்த சிற்றுந்து எளிதில் திரும்பிவிடும். எதிரே வண்டி வந்தாலும் ஒதுங்கி வழிவிட அதற்கு இடம் கிடைக்கும்.

பேருந்து வசதி இல்லாத சிற்றூர்களை முதன்மைத் தடங்களோடு இணைக்கும் நோக்கில் 1997-ஆம் ஆண்டு தமிழக அரசு மினி பஸ் திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது ஒரு தடத்தின் நீளம் 20 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என வரையறுக்கப்பட்டிருந்தது. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கிவைக்கப்பட்ட புதிய திட்டத்தில் அது 25 கிலோமீட்டராக உயர்த்தப்பட்டது. அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிருக்கு வழங்கப்படும் கட்டணமில்லாப் பயணம் 2024-இல் மலைப் பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தனியார் சிற்றுந்துகளுக்கு அது பொருந்தாது என்பதால், மருத்துவமனைக்கு வரும் நாளில் எந்த வண்டி எந்த நேரத்தில் கிடைக்கும் என்பதை முன்னரே கேட்டறிவது நன்று.

நம் சாலைகளில் ஓடும் சிறு வண்டிகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, தடம் எண்ணோடு ஓடும் சிற்றுந்து. இதில் நின்றுகொண்டும் பயணம் செய்வர். ஏறி இறங்குவோர் மிகுதி. இரண்டாவது, மக்கள் 'டெம்போ டிராவலர்' என்றும் 'மஸ்தா வேன்' என்றும் அழைக்கும் சுற்றுலா வண்டி. சாய்வு இருக்கைகள் உடையது. நின்று செல்வோர் இல்லை. மூன்றாவது, மேக்ஸி கேப். ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேலும் பன்னிரண்டு பேருக்கு மிகாமலும் ஏற்றிச் செல்லும் வாடகை வண்டியை மோட்டார் வாகனச் சட்டம் இவ்வாறு குறிப்பிடுகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர், இயலுமாயின் பின்னிரு வகைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இருக்கை உறுதி என்பதே அதன் முதற்பயன்.

எந்த இருக்கையில் அமர்வது?

சிற்றுந்தின் அச்சுகளுக்கு இடையே நீளம் குறைவு. அடியில் இருப்பவை பெரும்பாலும் பட்டை வில்கள். எனவே பள்ளங்களின் குலுக்கல் உடலில் மிகுதியாக உணரப்படும். பின்சக்கரத்துக்கும் பின்னால் உள்ள கடைசி வரிசையில் அது உச்சம் பெறுகிறது. முதுகுத்தண்டு நோய் உடையோர், எலும்புத் தேய்மானம் உள்ள முதியோர், கருவுற்ற பெண்கள், வயிற்றில் தையல் போட்டிருப்போர் ஆகியோர் அங்கே அமர்தல் கூடாது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில், முன்னோக்கிய சன்னலோர இருக்கையே சிறந்தது. ஓட்டுநருக்கு அருகில் என்ஜின் மூடியை ஒட்டிய இருக்கை காலியாக இருந்தாலும், அதன் வெப்பமும் டீசல் நெடியும் நோயாளிக்கு ஏற்றவை அல்ல.

வயிற்றில் அறுவை செய்துகொண்டோர் ஒரு சிறு தலையணையையோ மடித்த போர்வையையோ தையல்மீது அணைத்துப் பிடித்துக்கொண்டால், குலுக்கலின்போதும் இருமும்போதும் வலி குறையும். இடுப்பு அல்லது முழங்கால் அறுவை முடிந்தோர் படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது நோயுற்ற காலை முதலில் வைக்க வேண்டும். துணைக்கு வருபவர், ஏறும்போது நோயாளிக்குப் பின்னாலும் இறங்கும்போது அவருக்கு முன்னாலும் நிற்பது முறை.

டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு ஒரு தனிச் சொல். சிகிச்சை முடிந்தவுடன் எழுந்து ஓடி வண்டி பிடிக்க வேண்டாம். இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். சற்று அமர்ந்திருந்து, அழுத்தம் சீரானதை உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள். ஃபிஸ்டுலா உள்ள கையால் மேல்கம்பியைப் பற்றித் தொங்குவதோ, அந்தக் கையில் பையை மாட்டிக்கொள்வதோ கூடாது.

தலைசுற்றலும் வாந்தியும்

உட்செவியில் உள்ள சமநிலை உறுப்பு, வண்டி திரும்புவதையும் ஏறி இறங்குவதையும் மூளைக்குத் தெரிவிக்கிறது. கண்களோ எதிர் இருக்கையின் முதுகைப் பார்த்து, எதுவும் அசையவில்லை என்கின்றன. இவ்விரு செய்திகளும் முரண்படும்போது எழுவதே பயணக் குமட்டல். ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை வரும் மெதுவான அசைவே இதை மிகுதியாகத் தூண்டும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அடுத்தடுத்து வளைவுகள் வரும் மலைச்சாலையில் அத்தகைய அசைவுக்குக் குறைவில்லை. அடுத்த வளைவை முன்கூட்டியே அறிந்திருப்பதால்தான் ஓட்டுநருக்கு அரிதாகவே குமட்டல் வருகிறது.

இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளும், கருவுற்றோரும், ஒற்றைத் தலைவலி உடையோரும் இதற்கு எளிதில் ஆளாவர். முன்புறம் தொலைவில் உள்ள மலைமுகட்டைப் பார்த்தபடி, தலையை அசைக்காமல் சாய்ந்து அமர்வதே முதல் மருந்து. கைப்பேசியைப் பார்ப்பதைத் தவிருங்கள். வெறும் வயிறும் வேண்டாம். வயிறு நிறைந்த எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். சிறிது இஞ்சி பலருக்குப் பயன் தருகிறது. ப்ரோமெத்தசின் போன்ற மாத்திரைகளை ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே உட்கொள்ள வேண்டும்; வாந்தி தொடங்கிய பின் விழுங்கிப் பயனில்லை. இவை தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கும். கண்ணழுத்த நோயும் புராஸ்டேட் வீக்கமும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இவற்றை உட்கொள்ளலாகாது.

மாத்திரை உட்கொண்ட சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால், அந்த வேளை மருந்து உடலில் சேராமல் போயிருக்கக்கூடும். வலிப்பு நோய்க்கு மருந்து எடுப்போருக்கு இது முக்கியமானது. நீங்களாக மறுபடியும் விழுங்காமல், எத்தனை மணிக்கு உட்கொண்டீர்கள், எப்போது வாந்தி எடுத்தீர்கள் என்பதை எங்களிடம் கூறுங்கள். மறுவேளை தேவையா என்பதை நாங்கள் முடிவு செய்வோம்.

பயணத்துக்காக விடுபடும் மாத்திரைகள்

இதய நோயாளிகள் பலர் 'நீர் மாத்திரை' எனப்படும் ஃபுரோசமைடை, மருத்துவமனைக்கு வரும் நாளில் மட்டும் விட்டுவிடுகின்றனர். காரணம் நமக்குப் புரியாததன்று. மாத்திரை விழுங்கிய ஒரு மணி நேரத்தில் சிறுநீர் நெருக்கும்; சிற்றுந்திலோ இறங்க இயலாது; பெண்களுக்கு இத்துன்பம் இன்னும் கூடுதல். ஆனால், மாத்திரை விடுபட்டால் நீர் மீண்டும் உடலில் தேங்கி, கால் வீக்கமும் மூச்சுத் திணறலும் தலைதூக்கும். உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். அங்கே கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவில் குறைவதால், தேங்கிய நீரைத் தாங்க நலிந்த இதயம் இன்னும் திணறும். பெரும்பாலோருக்கு அன்றைய மாத்திரையை வீடு திரும்பிய பின் பிற்பகலில் உட்கொள்ளுமாறு மாற்றிக் கொடுக்க இயலும். இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சர்க்கரை நோயாளிகளிடம் காண்பது வேறு. வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டுமெனப் பட்டினியாக முதல் வண்டி ஏறுவர். பழக்கத்தால் காலை மாத்திரையையோ இன்சுலினையோ மட்டும் எடுத்துக்கொள்வர். வண்டி தாமதமானால் சர்க்கரை அளவு அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடன் பயணம் செய்வோர் அதை வண்டி மயக்கம் என்று எண்ணிவிடக்கூடும். ஆகவே மருந்தையும் சிற்றுண்டியையும் கையில் கொண்டுவந்து, இரத்தம் எடுத்த பின்னரே இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைப்பையில் சில குளுக்கோஸ் வில்லைகளோ சர்க்கரையோ எப்போதும் இருக்கட்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை. தொலைவிலிருந்து வருவோர், தமக்கு அது போதுமா என்று எங்களைக் கேட்கலாம்.

கண்ணுக்குள் வாயு இருக்கும்போது மலையேறல் ஆகாது

இக்கட்டுரையில் நீங்கள் தவறாமல் நினைவில் கொள்ள வேண்டிய பகுதி இது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் குன்னூர் சேர்வதற்குள் உப்பிக்கொள்வதை எல்லோரும் கண்டிருப்போம். மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதால் உள்ளிருக்கும் வாயு விரிகிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் உள்ள கோவையிலிருந்து, 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகைக்கு வரும்போது, தடையின்றி விரியக்கூடிய வாயுவின் கன அளவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுகிறது.

விழித்திரை பிரிந்தோருக்கு அறுவை செய்யும்போது, அதை மீண்டும் ஒட்டவைப்பதற்காகக் கண்ணுக்குள் சிலவேளை வாயுவை நிரப்புவர். வாயுவின் வகையைப் பொறுத்து அது இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரைகூட உள்ளே தங்கும். அதற்குள் மலையேறினால், விரிய முயலும் வாயுவுக்குக் கண்ணில் இடமில்லை. கண்ணழுத்தம் வெகுவாக உயர்ந்து, கண்ணுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, பார்வை நிலையாகப் போய்விடும் அபாயம் உண்டு. விமானப் பயணம் கூடாது என்று சமவெளியில் சொல்லும் எச்சரிக்கை, நமக்கு மலைச்சாலைக்கும் பொருந்துகிறது.

இதன் அறிகுறிகள் கடும் கண்வலி, தலைவலி, பார்வை மங்கல், வாந்தி. வளைவுகள் நிறைந்த சாலையில் வாந்தி எடுப்பவரைப் பார்த்து, "வண்டி ஒத்துக்கொள்ளவில்லை" என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவதே இங்குள்ள பேராபத்து. கண்ணில் வாயு உள்ளவருக்கு மலையேறும்போது கண்வலி தோன்றினால், மேலே செல்லாமல் உடனே கீழே இறங்கிக் கண் மருத்துவமனையை நாட வேண்டும்.

அறுவைக்கு முன்னரே உங்கள் கண் மருத்துவரிடம், "எங்கள் வீடு மலையில் இருக்கிறது, அறுவைக்குப் பின் மலையேறித்தான் செல்ல வேண்டும்" என்று கூறுங்கள். வாயுவுக்கு மாற்றாக, உயரத்தால் விரியாத சிலிகான் எண்ணெயை நிரப்பலாமா என்று அவர் ஆராய்வார். அதைப் பின்னர் அகற்ற மற்றோர் அறுவை தேவைப்படும். வாயுதான் வேண்டுமெனில், அது கரையும்வரை சமவெளியில் உறவினர் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துகொள்ளலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து சிகிச்சை பெற்றவர்களும், மருத்துவரின் அனுமதி பெறாமல் மலையேறலாகாது.

சிற்றுந்துக்குக் காத்திருக்கக் கூடாத வேளைகள்

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், கருவுற்றோருக்கு இரத்தப்போக்கு அல்லது பனிக்குட நீர் வெளியேறுதல் ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் அடுத்த வண்டிக்காக நிறுத்தத்தில் நிற்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வர இயலாத பாதையாயின், எந்த இடம்வரை வரும் என்பதை இப்போதே குடும்பத்தார் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மழையையும் மறக்கலாகாது. 2009-ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையால் ஏற்பட்ட மண்சரிவுகளில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், சாலைகள் துண்டிக்கப்பட்டன. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய நாள்களில் சிற்றுந்துகள் ஓடா. எனவே மழைக்காலங்களில் குறைந்தது ஒரு வாரத்துக்கான மருந்து வீட்டில் கூடுதலாக இருக்க வேண்டும். பேறுகாலம் நெருங்கியோர் மருத்துவமனைக்கு அருகில் தங்க முன்னரே ஏற்பாடு செய்துகொள்வது நலம்.

எங்களிடம் கூற வேண்டியவை

அடுத்த முறை வரும்போது நான்கு செய்திகளை மறவாமல் கூறுங்கள்: உங்கள் ஊர்; நீங்கள் வரும் வண்டி; திரும்புவதற்கான கடைசி வண்டியின் நேரம்; நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்க வேண்டிய தொலைவும் ஏற்றமும். இவை தெரிந்தால், மாத்திரை நேரத்தை மாற்றவும், ஒரே நாளில் பரிசோதனைகளை முடிக்கவும், அறுவைக்குப் பின் எந்த நாளில் வீடு திரும்பலாம் என்று தீர்மானிக்கவும் எங்களால் இயலும். கடைசி வண்டி போய்விடுமே என்ற அச்சத்தில், மருத்துவரைப் பார்க்காமலேயே வரிசையிலிருந்து எழுந்து செல்ல வேண்டாம். செவிலியரிடம் வண்டி நேரத்தைச் சொல்லுங்கள்.