ஓரணுவை நகர்த்தும் வேலை: அன்றும் இன்றும்

தனியொரு அணுவையோ எலெக்ட்ரானையோ வைத்து நாம் ஒருபோதும் பரிசோதனை செய்வதில்லை என்று 1952இல் ஒரு கட்டுரையில் அடித்துச் சொன்னார் எர்வின் ஷ்ரோடிங்கர். என்றோ அழிந்துபோன இக்தியோசாரை மிருகக்காட்சி சாலையில் வளர்க்க முடியாதது போலத்தான் இதுவும் என்பது அவர் வாதம். குவாண்டம் இயற்பியலின் அடிப்படைச் சமன்பாட்டை எழுதியவரே அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. அன்றைய ஆய்வுக்கூடத்தில் அணு என்றால் கோடானுகோடியாகக் கூடி நின்று தன் சராசரியை மட்டும் காட்டும் பொருள். ஏழே ஆண்டு கழித்து, 1959 டிசம்பர் 29 அன்று கால்டெக்கில் பேசிய ரிச்சர்ட் ஃபைன்மன் வேறு பக்கம் நின்றார். அணுக்களை ஒவ்வொன்றாக நாம் விரும்பிய இடத்தில் வைப்பதற்கு இயற்பியல் விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை என்றார். வைப்பதற்கான கருவிதான் அன்று யாரிடமும் இல்லை.

கருவி 1981இல் வந்தது. சூரிச் அருகே ரூஷ்லிக்கோனில் உள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிஷ் ரோரரும் உருவாக்கிய ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப்பில் லென்ஸே கிடையாது. கூரிய உலோக ஊசி ஒன்று, பரப்புக்கு மேலே ஒரு நானோமீட்டருக்கும் குறைவான உயரத்தில் நிற்கும். தொடாமலே அந்த இடைவெளியைத் தாண்டித் துளி மின்னோட்டம் கசியும். இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினால் கசிவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்ந்தால் பரப்பின் மேடுபள்ளம் அணு அணுவாகத் துலங்கும். 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பார்ப்பதற்கென்று செய்த ஊசி, பார்க்கும்போதே சில அணுக்களை இடம் மாற்றியும் விட்டது. இந்தத் தொல்லையையே தொழிலாக்கியவர், கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஐபிஎம் அல்மடேன் ஆய்வுக்கூடத்தில் இருந்த டான் ஐக்ளர். 1989இல் அவரும் எர்ஹார்ட் ஷ்வைட்ஸரும் நிக்கல் பரப்பின் மேல் 35 செனான் அணுக்களைக் கொண்டு தங்கள் நிறுவனத்தின் மூன்று எழுத்துகளை எழுதினார்கள். ஓர் எழுத்தின் உயரம் 5 நானோமீட்டர்.

அந்த வேலை நடக்கும் விதத்தைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். காற்றை முழுதாக வெளியேற்றிய கலத்துக்குள், மைனஸ் 269 டிகிரிக் குளிரில் பரப்பு கிடக்கிறது. அந்தக் குளிர் இல்லையென்றால் செனான் அணு ஓரிடத்தில் தங்காது. ஊசியை ஓர் அணுவின் தலைக்கு மேல் நிறுத்தி, மின்னோட்டத்தைக் கூட்டச் சொன்னால் ஊசி கீழிறங்கும். இறங்க இறங்க இரண்டுக்கும் இடையே மெல்லிய ஈர்ப்பு பிடித்துக்கொள்ளும். மெதுவாகப் பக்கவாட்டில் இழுத்தால் அணு கூடவே வரும். சேர வேண்டிய இடத்தில் ஊசியை உயர்த்தினால் அணு அங்கேயே நின்றுவிடும். பிறகு மறுபடி படமெடுத்து, நின்றது நிஜந்தானா என்று பார்க்க வேண்டும். அந்த மின்னோட்டத்தை ஒலிபெருக்கிக்குக் கொடுத்து, அணு ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குத் தாவும் சத்தத்தைக் காதால் கேட்டு வேலை செய்தவர்களும் உண்டு. தள்ள எவ்வளவு விசை வேண்டும் என்பதே 2008இல்தான் அளக்கப்பட்டது: கோபால்ட் அணுவைப் பிளாட்டினத்தின் மேல் நகர்த்த 210 பிக்கோநியூட்டன், செம்பின் மேல் வெறும் 17.

உலகம் அந்த மூன்று எழுத்துகளைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், 1993இல் அதே ஆய்வுக்கூடத்தில் மைக்கேல் கிராமி, கிறிஸ்டோஃபர் லட்ஸ், ஐக்ளர் மூவரும் செம்புப் பரப்பில் 48 இரும்பு அணுக்களை வட்டமாக நட்டதே பெரிய காரியம். சுமார் 14 நானோமீட்டர் குறுக்களவுள்ள அந்த வேலிக்குள் பரப்பின் எலெக்ட்ரான்கள் அகப்பட்டுக்கொண்டன. வட்டக் கிணற்றுச் சுவரில் மோதித் திரும்பும் நீரலை போல, உள்ளே வளையம் வளையமாக அலை நின்றது. எலெக்ட்ரானின் அலைத்தன்மையைப் பாடப்புத்தகத்தில் மட்டும் படித்தவர்கள் அதைப் படமாகவே பார்த்தார்கள். முடியும் என்று காட்டிக்கொண்டிருந்த கருவி, அன்றுதான் இயற்கையிடம் கேள்வி கேட்கும் கருவியாயிற்று.

அந்தக் கேள்விகள் இன்று எங்கெங்கோ போய்விட்டன. 2005இல் ஜப்பானின் ஒசாகாவில், அணுவிசை நுண்ணோக்கியின் ஊசியால் அறை வெப்பநிலையிலேயே வெள்ளீய அணுக்களை இடம் மாற்றினார்கள். எல்லாவற்றுக்கும் கடுங்குளிர் வேண்டும் என்ற நிலை அங்கே தளர்ந்தது. சிட்னியில் மிஷெல் சிம்மன்ஸ் குழு, சிலிக்கன் மேல் படிந்த ஹைட்ரஜனை ஊசியால் பெயர்த்து, அந்த இடத்தில் ஒரேயொரு பாஸ்பரஸ் அணுவை அமர்த்தி 2012இல் டிரான்சிஸ்டர் செய்தது. 2016இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் சாண்டர் ஓட்டே குழுவினர், செம்பின் மேல் சதுரமாக அடுக்கிய குளோரின் அணுக்களிடையே உள்ள காலியிடங்களை நகர்த்தி ஒரு கிலோபைட் நினைவகம் கட்டினார்கள். அதில் ஃபைன்மனின் அந்த 1959 உரையிலிருந்தே ஒரு பகுதியை எழுதிவைத்தது எனக்கு மிகப் பிடித்த செய்கை. 64 பிட்டுகளை வாசிக்க ஒரு நிமிடமும், மாற்றியெழுதப் பத்து நிமிடமும் ஆயின. சேமிப்பின் அடர்த்தியைப் பார்த்து வியந்தவர்கள் இந்த நிமிடக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

2013இல் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளை நகர்த்தி நகர்த்தி, ஒரு சிறுவன் அணுவோடு பந்து விளையாடும் குறும்படத்தை அல்மடேன் எடுத்தது. அந்தக் குழுவில் இருந்த ஆண்ட்ரியாஸ் ஹைன்ரிஷ் இப்போது சியோலின் இஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மையத்தை நடத்துகிறார். 2023இல் அங்கே, மெக்னீசியம் ஆக்சைடு படலத்தின் மேல் வைத்த டைட்டானியம் அணுக்களைக் குவிட்டுகளாக, அதாவது குவாண்டம் கணினியின் பிட்டுகளாக, இயக்கிக் காட்டினார்கள். அருகே நட்ட இரும்பு அணு, ஒவ்வொன்றுக்கும் குட்டிக் காந்தம். ஐக்ளரின் செனான் அணு ஓர் எழுத்தின் புள்ளியாக நின்றது. இவை கணக்குப் போடக் கற்கின்றன.

கையும் மாறிவிட்டது. அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டியின் ஆய்வாளர்கள் 2014லேயே மனிதத் தலையீடு இல்லாமல் அணுக்களை அடுக்கும் முறையை வெளியிட்டார்கள். 2022இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகக் குழு, வெள்ளிப் பரப்பில் வெள்ளி அணுவை நகர்த்த ஒரு மென்பொருளைப் பழக்கியது. எந்த மின்னழுத்தம், எவ்வளவு மின்னோட்டம் என்பதைத் தவறித் தவறித் தானே கற்றுக்கொண்டது அது. முன்பு ஆராய்ச்சி மாணவர் இரவெல்லாம் திரை முன் உட்கார்ந்து பழகிய பக்குவம் அது.

ஆனாலும் ஓர் ஊசி, ஒரு நேரத்தில் ஓர் அணு என்ற கணக்கு மாறவில்லை. ஊசிமுனையில் கடைசியாக நிற்கும் அணுக்கள் இன்றும் அடங்குவதில்லை. முனையின் வடிவம் திடீரென மாறினால், மென்பொருள் கற்ற அளவுகள் பொருந்தாமல் போய், அது மீண்டும் பழக வேண்டியிருக்கிறது. அல்லது ஊசியை உலோகப் பரப்பில் லேசாகக் குத்தி, முனையைச் சீர்செய்து, மறுபடி படமெடுக்க வேண்டியிருக்கிறது.