குடல் அழற்சி நோயில் உணவின் பங்கு

பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், செரிமானப் பாதையின் எப்பகுதியையும் தாக்கக்கூடியதும் 1932-இல் நியூயார்க் மருத்துவர்கள் விவரித்ததுமான குரோன் நோய் ஆகிய இரண்டும், நோயெதிர்ப்பாற்றல் நெறிதவறிக் குடலையே தாக்குவதால் விளையும் நாட்பட்ட அழற்சிகளாகும். உணவு மட்டுமே இவற்றைக் குணப்படுத்துவதில்லை. மருந்தை நிறுத்திவிட்டுப் பத்தியத்தை மட்டும் நம்புவது ஆபத்தானது. ஆயினும் நோய் மிகும் நாட்களில் உண்பது எது என்பதைப் பொறுத்தே நோயாளியின் வேதனை பெரிதும் கூடவோ குறையவோ செய்கிறது.

மதுரையிலும் அதையடுத்த கப்பலூர், திருமங்கலம் வட்டாரத்திலும் அந்நாட்களுக்கேற்ற உணவுக்கு வீட்டுச் சமையலே பெரும்பாலும் போதுமானது. வயிற்றுப்போக்கு மிகும்போது குழைந்த சோறு, இட்லி, உப்பிட்ட கஞ்சி, தோலும் விதையும் நீக்கி வேகவைத்த சுரைக்காய், அவித்த முட்டை ஆகியவை எளிதில் செரிக்க, எண்ணெய் மிகுந்த பரோட்டாவும் காரச் சால்னாவும் பலருக்குத் தொல்லையைக் கூட்டுகின்றன. பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்க இயலாதோர் தென்னிந்தியரிடையே மிகுதியாதலால், பாலில் செய்யும் குளிர்பானமான ஜிகர்தண்டா ஒவ்வாத ஒருவருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளக்கூடும். குடலின் உள்வழி சுருங்கியோர் முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு போன்ற, நீரில் கரையாத நார்ப்பொருள்களைத் தவிர்த்தல் வேண்டும். அழற்சி அடங்கிய பின்னரும் காய்கனிகளைப் படிப்படியாகச் சேர்க்காமல், அச்சத்தால் கஞ்சியோடு நின்றுவிடுவது சத்துக்குறைவுக்கும் எடையிழப்புக்கும் இட்டுச்செல்லும் பெருந்தவறு.

குடல் காசநோயும் குரோன் நோயைப் போலவே தோன்றக்கூடும் என்பதால், இரத்தம் கலந்த போக்கு நீடிப்பவர்கள் உணவை மாற்றிமாற்றிக் காலம் கடத்தாமல், மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற இடங்களில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.