ஈரச் சுவரில் கரையும் லட்சங்கள்

பழைய ஃபிளாட்டை நல்ல விலைக்கு விற்க, பணத்தைக் கொட்டி அலங்கரிக்கிறார்கள் மும்பைவாசிகள். வாங்க வருபவரோ குளியலறைச் சுவரைத்தான் தொட்டுப் பார்க்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முலுண்டிலோ, செம்பூரிலோ, டோம்பிவிலியிலோ மறுவிற்பனைக்கு வந்திருக்கும் ஏதோ ஒரு இரண்டு பெட்ரூம் ஃபிளாட். தரகர் முன்னே வர, வாங்கப்போகும் குடும்பம் பின்னே வருகிறது. ஹாலில் அலை அலையாக ஃபால்ஸ் சீலிங். அதற்குள் ஒளிந்திருக்கும் நீல விளக்குகள். டி.வி.க்குப் பின்னால் மார்பிள் போலத் தோன்றும் லாமினேட். வீட்டுக்காரர் ஒவ்வொரு ஸ்விட்சாகப் போட்டுக் காட்டுகிறார். வந்தவர் தலையாட்டிவிட்டு நேராக உள்ளே போகிறார். குளியலறையை ஒட்டிய பெட்ரூம் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். அவர் மனைவி சமையலறை சிங்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து, பூஞ்சை வாடை வருகிறதா என்று பார்க்கிறார். பிறகுதான் முதல் கேள்வி வருகிறது: "லீக்கேஜ் உண்டா?"

நீல விளக்குக்குச் செலவழித்தவருக்கு இந்தக் கேள்வி சற்றே அவமானமாக இருக்கலாம். ஆனால், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் ஊறும் நகரத்தில் இதைவிட நியாயமான கேள்வி இல்லை. உள்அலங்காரம் வீட்டின் விலையைக் கூட்டுமா என்ற கேள்விக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் அது விலையைக் கூட்டுவதில்லை. சரியான இடத்தில் செய்தால், விலை இறங்காமல் காப்பாற்றுகிறது. வீடு விரைவில் விற்க உதவுகிறது. தவறான இடத்தில் செய்தால், போட்ட பணம் போட்டதுதான்.

மதிப்பீட்டாளர் கண்ணில் படாதவை

காரணம் எளிது. மும்பையில் ஃபிளாட் வாங்குபவர்களில் பலர் வங்கிக் கடனில்தான் வாங்குகிறார்கள். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் முக்கியமாகப் பார்ப்பது இடம், கார்ப்பெட் ஏரியா, கட்டடத்தின் வயது, மாடி, அக்கம்பக்கத்தில் நடந்த விற்பனை விலை. முத்திரைத்தாள் கட்டணத்துக்கு அடிப்படையான அரசின் ரெடி ரெக்கனர் மதிப்பும் இடத்தையும் பரப்பையும் கட்டடத்தையும் வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. உங்கள் வார்ட்ரோப் தேக்கா, ஒட்டுப்பலகையா என்பது அந்தக் கணக்கில் வராது.

ரூ. 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கடன் என்றால், சொத்து மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த மதிப்பையும் வங்கிதான் தீர்மானிக்கிறது. "இன்டீரியருக்கு மட்டும் பத்து லட்சம் போட்டிருக்கிறேன்" என்று விற்பவர் கேட்கும் கூடுதல் தொகைக்கு வங்கி கடன் தராவிட்டால், வாங்குபவர் அதைத் தன் சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். முன்பணத்துக்கே நகையை விற்றுக்கொண்டிருப்பவர் அடுத்தவருடைய ரசனைக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பாரா? உங்களுக்குப் பிடித்த மயில்நீலச் சுவரை எவ்வளவு செலவில் மாற்றலாம் என்றுதான் அவர் மனதுக்குள் கணக்குப் போடுவார்.

மும்பைக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு: மறுகட்டுமானம். முப்பது, நாற்பது ஆண்டான சொசைட்டிகள் பலவும் பில்டரிடம் பேசிக்கொண்டிருக்கின்றன. மாநில அரசின் 2019ஆம் ஆண்டு நெறிமுறைப்படி 51 சதவீத உறுப்பினர்கள் சம்மதித்தால் போதும். அப்போது உறுப்பினருக்குக் கிடைக்கும் புதிய வீடு, பழைய வீட்டின் பரப்பை வைத்தே பேசி முடிவாகிறது. போன வருடம் போட்ட மாடுலர் கிச்சனுக்கு ஒரு சதுர அடிகூடக் கூடுதலாகக் கிடைக்காது. சொசைட்டிக் கூட்டத்தில் மறுகட்டுமானம் என்ற பேச்சு எழுந்துவிட்டால், தச்சருக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் கூட்ட நடவடிக்கைக் குறிப்பைப் படிப்பது நல்லது.

எங்கே போட்ட பணம் திரும்பும்?

வாங்குபவர் எதற்குப் பயப்படுகிறாரோ அதில் போட்ட பணம் திரும்பும். முதல் பயம் ஈரம். கசியும் சுவரின் மேல் எத்தனை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் ஒரே மழையில் உப்புப் பூத்துவிடும். முதலில் கசிவின் மூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மொட்டைமாடியிலிருந்து வருகிறதா, மேல்வீட்டுக் குளியலறையிலிருந்தா, நம் குழாயிலிருந்தேவா? மொட்டைமாடிக் கசிவு சொசைட்டியின் செலவு. வீட்டுக்குள்ளிருந்து வரும் கசிவு உறுப்பினர்களின் செலவு என்கின்றன சொசைட்டிகளின் மாதிரி விதிகள். குளியலறைத் தரையைப் பெயர்த்து, நீர்த்தடுப்புப் பூச்சு போட்டு, தண்ணீர் தேக்கிப் பார்த்து, பிறகு டைல் பதிப்பதுதான் முறை. பழைய டைலின் மேலேயே புது டைல் ஒட்டினால் பளபளப்பு வரும், கசிவு போகாது.

இரண்டாவது, மின்சாரம். எழுபது, எண்பதுகளில் கட்டிய வீடுகளின் ஒயரிங் நான்கு விசிறிக்கும் சில டியூப்லைட்டுக்கும் போட்டது. இன்றோ ஒரு கீசர் மட்டுமே 2,000 வாட் இழுக்கிறது, அதோடு ஏ.சி., வாஷிங் மெஷின், மைக்ரோவேவ். புதிய தாமிர ஒயர், ஏ.சி.க்கும் கீசருக்கும் தனித்தனி லைன், மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு ஸ்விட்ச். இவை எதுவும் புகைப்படத்தில் அழகாக வராது. ஆனால், சுவரை உடைத்துப் பூசும் வேலை மிச்சம் என்பதால், குடியேறப் போகிறவருக்கு இவற்றின் அருமை தெரியும்.

மூன்றாவது, சமையலறை. அலமாரியின் வெளித்தோற்றத்தைவிட உள்ளே இருக்கும் பலகை முக்கியம். கடையில் 'கமர்ஷியல்' என்று விற்கும் ஒட்டுப்பலகை சிங்குக்குக் கீழே நெடுநாள் தாங்காது, அங்கே ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பலகை வேண்டும். விலை கூடுதல்தான். ஆனால், உப்பிப்போன அலமாரிக் கதவு ஒன்று போதும், வாங்க வந்தவர் வீடு முழுவதையும் சந்தேகிக்க.

நான்காவது, இடமும் வெளிச்சமும். ஐந்நூறு சதுர அடியில் இரண்டும்தான் சொத்து. தேசிய கட்டட விதித்தொகுப்பின்படி அறையின் குறைந்தபட்ச உயரம் 2.75 மீட்டர், அதாவது சுமார் ஒன்பது அடி. அதில் அரை அடியை ஃபால்ஸ் சீலிங்குக்குக் கொடுத்தால் அறை அழுத்துகிறது. ஜன்னல் கிரில்லில் அடைத்துக் கிடக்கும் பழைய சாமான்களை அகற்றி, வெளிச்சத்தை மறைக்கும் ஒரு பீரோவை நகர்த்தி, வெளிர் நிறம் அடித்தாலே ஹால் பெரிதாகத் தெரியும். இதற்கு டிசைனர் தேவையில்லை. பழைய பேப்பர்காரர் போதும்.

சில சமயம் எதையும் செய்யாமல் இருப்பதே நல்ல அலங்காரம். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் மாதுங்காவில் பல பழைய கட்டடங்கள் ஆர்ட் டெகோ பாணியில் கட்டப்பட்டவை. அவற்றில் இன்னும் மிஞ்சியிருக்கும் மொசைக் தரையைப் பெயர்த்தெறிந்து பளபளக்கும் டைல் போடுவோர் உண்டு. நன்றாக இருக்கும் தரையை மெருகேற்றுவது செலவும் குறைவு. அதைத் தேடி வருபவர்களும் இருக்கிறார்கள்.

சுவரில் கை வைக்குமுன்

ஹாலைப் பெரிதாக்கச் சுவரை இடிப்பது மும்பையில் சர்வசாதாரணம். அது வெறும் தடுப்புச் சுவரா, மேல்மாடிகளைத் தாங்கும் சுவரா என்பது கான்ட்ராக்டர் சுத்தியலால் தட்டிச் சொல்கிற விஷயம் அல்ல. 2017 ஜூலை 25 அன்று காட்கோபரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலையில் தூண்கள் சிதைக்கப்பட்டன என்பது குடியிருந்தவர்களின் புகார். அந்தத் தளத்தின் உரிமையாளர் கைதானார். தரைத்தளத்தில் தொடங்கிய வேலைக்கு மேல்மாடிக்காரர்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

விபத்து நேராவிட்டாலும் வியாபாரம் கெடும். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்துக்கும் வீட்டுக்கும் பொருத்தமில்லை என்று வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதிவிட்டால், வாங்குபவரின் கடன் நின்றுவிடலாம். தூண், பீம், தாங்குசுவர், வெளிச்சுவர் எதையும் தொடுமுன் கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்துபூர்வமான கருத்து, சொசைட்டியின் அனுமதி, தேவையானால் மாநகராட்சி அனுமதி மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்

அலங்காரச் செலவை ஓரளவு திரும்பப் பெறும் வழி ஒன்று உண்டு. அதைப் பலரும் கோட்டைவிடுகிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால் கிடைக்கும் லாபத்துக்கு, 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீத வரி. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடானால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் விலைவாசிக் குறியீட்டுச் சலுகையோடு 20 சதவீதக் கணக்கையும் ஒப்பிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். எந்தக் கணக்கிலும் வீட்டோடு நிலையாகச் சேர்ந்த மேம்பாட்டுச் செலவை லாபத்திலிருந்து கழிக்கலாம். ரூ. 8 லட்சத்துக்குத் தரை, குழாய், சமையலறை எல்லாம் புதிதாக்கியிருந்தால், 12.5 சதவீதக் கணக்கில் ரூ. 1 லட்சம் வரி மிச்சம். சோபா, கட்டில், திரைச்சீலை, வழக்கமான வெள்ளையடிப்பு இதில் சேராது. கான்ட்ராக்டருக்கு ரொக்கமாகக் கொடுத்து பில் வாங்காமல் விட்டிருந்தால், மிச்சமாகக்கூடிய அந்த ஒரு லட்சத்துக்கு ஆதாரம் இருக்காது.

முத்திரைத்தாள் கட்டணத்தைக் குறைக்க, வீட்டு விலையில் ஒரு பகுதியை 'ஃபர்னிச்சர்' என்று தனி ஒப்பந்தமாக எழுதும் பழக்கமும் உண்டு. உள்ளே உண்மையிலேயே அவ்வளவு மதிப்புக்குச் சாமான் இருந்தால் சரி. இரண்டு மரக்கட்டிலைக் காட்டி இருபது லட்சம் என்று எழுதினால், ஒரு நாள் வரித்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாங்குபவருக்கும் அந்தத் தொகைக்கு வீட்டுக்கடன் கிடைப்பது கடினம்.

பத்து, பதினைந்து ஆண்டுகள் குடியிருக்கப் போகிறவர் தன் ரசனைக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். அது தினமும் அனுபவிக்கும் சந்தோஷம். அதற்கு லாப நஷ்டக் கணக்கு பார்க்க வேண்டியதில்லை. விற்பதற்காகச் செலவு செய்பவர் மட்டும், தச்சரைக் கூப்பிடுமுன் தன் வீட்டையே வாங்க வந்தவரைப்போல ஒரு சுற்றுச் சுற்றி வரட்டும். குளியலறைச் சுவரில் கை வைத்துப் பார்க்கட்டும். கையில் ஈரம் பட்டால், முதல் ரூபாயை எங்கே போட வேண்டும் என்று தெரிந்துவிடும்.